சத்தம் போகும் வழி

பள்ளியில் கொடுத்த இலவச மடிக்கணினிக்கு
பன்னிரண்டு வயதாகிறது.
அதன் விண்டோஸ் பாதி எப்போதோ செத்துப்போச்சு.
லினக்ஸ் பாதி மட்டும்
கீல் உடைந்த மூடிக்குச் செங்கல் முட்டுக்கொடுத்து
வில்லாபுரத்தில் என் அரிசி டிரம்மின் மேல்
உட்கார்ந்திருக்கிறது.

நான் விளம்பர ஆட்டோவுக்குப் பேசுகிறவள்.
தெருத்தெருவாய் "இதோ உங்கள் பகுதிக்கே" என்று போவது
என் தொண்டை.
கட்டில் மெத்தை, கண் பரிசோதனை முகாம்,
ஒருமுறை காணாமல்போன எருமை.
பேச்சுக்கு இருநூறு.
"மியூசிக் சேத்தா முன்னூத்தம்பது" என்றார்
ஆட்டோக்காரர் சந்தனக்கருப்பு.

காஜா நஜ்முதீன் நெல்பேட்டையிலிருந்து
பென்டிரைவில் கொண்டுவந்தான்,
பூட்டு உடைத்த சாமான், அசல் வாங்கினால் பல ஆயிரம்.
என் கணினி அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.
"இதுக்கு வேற தீனிக்கா" என்று
டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

வேறு தீனி தேடினேன்.
செல்போன் நெட்டை மடிக்கணினிக்கு ஊற்றி,
ஒன்றரை ஜிபி தீர்ந்ததும்
நள்ளிரவு தாண்டக் காத்திருந்து மிச்சத்தை இறக்கி.
ஹைட்ரஜன் என்று ஒன்று.
காற்றின் பேரை வைத்துக்கொண்டு
அதற்குத் தெரிந்ததெல்லாம் மேளம்தான்.
எல்எம்எம்எஸ், ஏதோ டாக்டர் பட்டம் போல.
ஆடாசிட்டி நல்ல பிள்ளை,
வெட்டச் சொன்னால் வெட்டும், ஒட்டச் சொன்னால் ஒட்டும்,
எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது.
இரண்டு நாளில் அலுத்துவிட்டது.
பிறகு ஆர்டர்.
அந்தப் பேரைச் சொல்லும்போதெல்லாம்
"ரெண்டு செட்டு, ஒரு ஆம்லெட்டு" என்று
நாக்கு தானே முடித்துவிடுகிறது.
திறந்தது.
சாம்பல் நிறத்தில் நீளநீளமாய்த் தடங்கள்,
லாரி ஓடாத ரிங் ரோடு.

சத்தம் மட்டும் வரவில்லை.

ஆடியோ என்று ஒரு குழுவாம்.
அதில் நான் உறுப்பினர் இல்லையாம்.
என் வீட்டில், என் டிரம்மின் மேல்,
என் குரலுக்கு அனுமதி இல்லை.
மகளிர் குழுவில் சேர
மூன்று கையெழுத்து, ரேஷன் கார்டு நகல்,
தலைவி வீட்டுக்கு நாலு நடை.
இதற்குக் கருப்புத் திரையில் ஒரே வரி.
அணைத்துப் போட்டேன். சேர்த்துக்கொண்டது.

"ம்" என்றேன்.
கொஞ்சம் பொறுத்து
காதுக்குள் "ம்" என்றது,
இன்னொருத்தி யோசித்துச் சம்மதித்த மாதிரி.
ஆயிரத்து இருபத்துநான்கை இருநூற்றைம்பத்தாறாக்கினேன்,
நூற்றிருபத்தெட்டு,
அறுபத்துநான்கில் கடுகு வெடித்தது.
ஒரு படி பின்வாங்கினேன்.

அந்நேரம் பார்த்து
"ஏய், தண்ணி!" என்று ஒச்சம்மாள் கதவைத் தட்ட,
போட்டது போட்டபடி ஓடினேன்.
வாசல் குழாயில் ஏழு குடம்.
திரும்பி வந்தால்
சிவப்புப் பொத்தான் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.

கேட்டேன்.
காலிக் குடத்தில் தண்ணீர் தாழ்ந்து தொடங்கி
கழுத்துக்கு ஏற ஏறக் குரல் ஏறி
வழியும்போது பட்டென்று நின்று,
அடுத்த குடம் மறுபடி அடியிலிருந்து.
பிளாஸ்டிக்குக்கு ஒரு சுரம்,
எவர்சில்வருக்கு ஒரு சுரம்.
நடுவே ஒச்சம்மாளின் ஏச்சு.
அதை மட்டும் வெட்டினேன்.
மிச்சத்தை மெத்தை விளம்பரத்தின் அடியில் விரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெய்ஹிந்துபுரத்தில்
ஆட்டோ நுழைந்த தெருவிலெல்லாம்
குடத்தோடு பெண்கள்.
மெத்தை ஒன்றுகூட விற்கவில்லை.
"லாரி எங்கய்யா?" என்று கேட்டு
ஒருத்தி ஆட்டோவுக்குள் தலையை விட்டுப் பார்த்தாளாம்.

சந்தனக்கருப்பு ஐம்பதைப் பிடித்துக்கொண்டு
முன்னூறு கொடுத்தார்.
போனவர் திரும்பி வந்து,
"வர்ற வாரம் தண்ணி கேன் கம்பெனி ஒண்ணு பேசியிருக்கேன்.
அதையே போட்டுரு" என்றார்.